டவர் எட்டாத இடத்தில் சாட்டிலைட் போன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையேறுபவர்கள், ஆழ்கடலுக்குப் போகும் படகுக்காரர்கள், காட்டுக்குள் கள ஆய்வு செய்பவர்கள், பேரிடர் மீட்புக் குழுக்கள் என்று இந்தப் போனைப் பற்றி விசாரிப்பவர்கள் பல ரகம். எல்லோரும் "எந்த மாடல் நல்லது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எங்கே போகிறீர்கள், அங்கே தலைக்கு மேல் எவ்வளவு வானம் தெரியும், அழைத்தால் மறுமுனையில் எடுக்கப்போவது யார் என்ற மூன்றையும் முதலில் யோசித்துவிட்டால், மாடல் பற்றிய கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

சாதாரண செல்போனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

செல்போன் பேசுவது சில கிலோமீட்டருக்குள் நிற்கும் டவரோடு. அங்கிருந்து பேச்சு பெரும்பாலும் கேபிளில்தான் போகிறது. சாட்டிலைட் போன் நேராகச் செயற்கைக்கோளோடு பேசுகிறது. செயற்கைக்கோள் அந்தப் பேச்சை எங்கோ இருக்கும் தரைநிலையத்தில் இறக்கிவிட, அது அங்கே வழக்கமான தொலைபேசி இணைப்பில் சேர்ந்துகொள்கிறது.

அதனால், நீங்கள் நிற்கும் பகுதியில் மின்சாரம் போயிருந்தாலும் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்தாலும் அழைப்புக்கு ஒன்றும் ஆகாது. தரைநிலையம் இன்னொரு நாட்டில், சில சமயம் இன்னொரு கண்டத்தில் இருக்கும். செல்போன் கதை வேறு. டவர் விழ வேண்டும் என்பதே இல்லை. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தாலோ கேபிள் அறுந்தாலோ போதும், அந்த வட்டாரமே ஊமையாகிவிடும். 1998-இல் பிரான்சில் தொடங்கிய டெலிகாம் சான் ஃப்ரான்டியர் என்ற தொண்டு அமைப்பு, பேரிடர் நடந்த இடங்களுக்குச் சாட்டிலைட் போன்களை எடுத்துச் சென்று, பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் குடும்பத்தோடு சில நிமிடம் இலவசமாகப் பேச வழி செய்கிறது.

ஒரு கம்பெனி போன் துருவத்திலும் எடுக்கிறது, இன்னொன்று சில கண்டங்களில் எடுப்பதே இல்லை. ஏன்?

செயற்கைக்கோள் எவ்வளவு உயரத்தில் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தே இது அமைகிறது. இதைப் புரிந்துகொண்டால் விளம்பரத் தாளில் இருக்கும் பாதி வார்த்தைகள் தேவைப்படாது.

முதல் வகை, நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருப்பது. பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால், கீழேயிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். இன்மார்சாட், துராயா என்ற நிறுவனங்களின் செயற்கைக்கோள்கள் இந்த வகை. ஒரே ஒரு செயற்கைக்கோள் பூமியின் மூன்றில் ஒரு பங்கைப் பார்த்துவிடும் என்பது இதன் பலம். துருவத்தை நெருங்க நெருங்க அது அடிவானத்தில் தாழ்ந்து, கடைசியில் மறைந்தே போய்விடும் என்பது பலவீனம். வடக்கே தள்ளியிருக்கும் மலைப் பள்ளத்தாக்கில் நின்றால், தெற்கே இருக்கும் ஒரு மேடுகூடச் சிக்னலை மறைத்துவிடும். அது நகரவே நகராது, ஆகவே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பயனில்லை. நகர வேண்டியது நீங்கள்தான்.

இரண்டாம் வகை, தாழ்வாகச் சுற்றும் கூட்டம். இரிடியம் என்ற நிறுவனத்தின் 66 செயற்கைக்கோள்கள் சுமார் 780 கி.மீ. உயரத்தில், 6 தடங்களில், தடத்துக்கு 11 என்று துருவத்தை ஒட்டிச் சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்குச் சுமார் 100 நிமிடம். ஒரு செயற்கைக்கோள் உங்கள் வானத்தில் தென்படுவது சில நிமிடங்கள்தான். அது மறையும் முன் அழைப்பு அடுத்ததற்கு மாறிவிட வேண்டும். ஒரு பக்கம் மலை மறைத்தாலும், சற்றுப் பொறுத்தால் வேறொன்று திறந்த பக்கமாக வரும். வந்த வேகத்தில் போயும் விடும்; அழைப்பு அறுந்தால் மறுபடி போட வேண்டும்.

குளோபல்ஸ்டார் என்ற இன்னொரு நிறுவனத்தின் கூட்டமும் தாழ்வாகச் சுற்றுவதுதான், சுமார் 1,414 கி.மீ. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. இரிடியம் செயற்கைக்கோள்கள் ஒன்றுக்கொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும். நடுக்கடலில் நீங்கள் பேசுவது வானத்திலேயே கைமாறிக் கைமாறித் தரைநிலையத்தைச் சேரும். குளோபல்ஸ்டாரில் அந்த வசதி இல்லை. நீங்கள் பார்க்கும் அதே செயற்கைக்கோள் அதே நேரத்தில் ஒரு தரைநிலையத்தையும் பார்த்தாக வேண்டும். பக்கத்தில் தரைநிலையம் இல்லாத கடலிலோ துருவத்திலோ அது எடுக்காது.

அப்படியென்றால் எல்லோரும் இரிடியமே வாங்கிவிடலாமே?

துருவம், பெருங்கடல், எங்கே போவோம் என்று தெரியாத வேலை என்றால், ஆமாம், அதைத்தான் வாங்க வேண்டும். மற்றபடி அவசியம் இல்லை. திறந்த வெளியில், பாலைவனத்தில், நிலநடுக்கோட்டுக்கு அருகில் வேலை செய்பவருக்கு நிலையாக நிற்கும் செயற்கைக்கோளே சுகம். ஒருமுறை திசையைக் கண்டுபிடித்துவிட்டால் அரை மணி நேரம்கூட அறுபடாமல் பேசலாம். பேட்டரியும் கூடுதலாக வரும்: இன்மார்சாட்டின் ஐசாட்போன் 2 பேச்சில் 8 மணி நேரம், காத்திருப்பில் 160 மணி நேரம் தாங்கும் என்கிறார்கள், இரிடியம் 9555-க்குச் சொல்வது 4 மணி நேரமும் 30 மணி நேரமும்.

ஒன்றிரண்டு செயற்கைக்கோளை நம்பியிருக்கும் சேவையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் துராயா-3 பழுதானபோது, ஆசிய பசிபிக் பகுதியில் அதை நம்பியிருந்தவர்களின் போன்கள் ஒரேயடியாக வேலை செய்யாமல் போயின. மாறாக, 2009 பிப்ரவரி 10 அன்று செயலிழந்த காஸ்மோஸ் 2251 என்ற ரஷ்யச் செயற்கைக்கோள் சைபீரியாவுக்கு மேலே இரிடியம் 33 மீது மோதி இரண்டும் சிதறின. ஆனாலும் இரிடியம் சேவை நிற்கவில்லை. சுற்றுப்பாதையில் ஏற்கெனவே உபரியாக வைத்திருந்த ஒன்றை அந்த இடத்துக்கு நகர்த்திவிட்டார்கள்.

இரிடியம் திவாலான கம்பெனி என்கிறார்களே?

திவாலானது உண்மை. மோட்டோரோலாவின் முயற்சியில் சுமார் 500 கோடி டாலர் செலவழித்து, 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. 1999 ஆகஸ்டிலேயே திவால் மனு போட்டது. ஊர் ஊராகப் பறக்கும் வணிகர்கள் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். செங்கல் கனத்தில், சுமார் 3,000 டாலர் விலையில், அலுவலகத்துக்குள் எடுக்காத போனை அவர்கள் எதற்கு வாங்கப் போகிறார்கள்? அதற்குள் நகரங்களில் எல்லாம் செல்போன் டவர் வந்துவிட்டது. செயற்கைக்கோள்களை எரித்து விழவைக்கும் திட்டம்கூடத் தயாராக இருந்தது. கடைசியில் சுமார் 2.5 கோடி டாலருக்குப் புதியவர்கள் வாங்க, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வாடிக்கையாளராக வந்து தாங்கிப் பிடித்தது. 2017-க்கும் 2019-க்கும் இடையில் பழைய கூட்டத்தை மாற்றி முழுக்கப் புதிய செயற்கைக்கோள்களை ஏற்றிவிட்டார்கள். அந்தப் பழைய செயற்கைக்கோள்களின் ஆன்டெனாப் பலகைகள் வெயில் பட்டு, இரவு வானில் சில விநாடி பளிச்சென்று மின்னும். வானம் பார்ப்பவர்கள் நேரம் குறித்து வைத்துக் காத்திருந்த காட்சி அது. புதியவற்றில் அது இல்லை.

வீட்டுக்குள், வண்டிக்குள் வேலை செய்யுமா?

செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் நின்றால் எப்போதாவது எடுக்கும், அதை நம்பி எந்தத் திட்டமும் போடக்கூடாது. கட்டடம், வண்டி, படகின் கேபின் இவற்றுக்கென்று வெளியே பொருத்தும் ஆன்டெனாவும், உள்ளே போனைச் செருகும் தாங்கியும் தனியாகக் கிடைக்கின்றன. நிரந்தர முகாம் என்றால் அதற்குச் செலவழிப்பது நியாயமே. கேபிள் நீளமாக நீளமாகச் சிக்னல் தேய்ந்துகொண்டே போகும். விற்பவர் சொல்லும் நீளத்தைத் தாண்டாதீர்கள்.

புதிதாக வாங்கியவர் செய்யும் முதல் தவறு, செல்போன் பழக்கத்தில் பேசிக்கொண்டே நடப்பது. நாலு அடி நடந்து மரத்தடி நிழலுக்கு ஒதுங்கியதும் குரல் உடைந்து, அப்புறம் மௌனம். சரியான முறை வேறு. வெட்டவெளிக்கு வந்து, ஆன்டெனாவை முழுவதும் இழுத்து, காதில் வைத்தபின் அது வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும்படித் திருப்பிக்கொள்ள வேண்டும். திரையில் நெட்வொர்க்கில் பதிவாகிவிட்டதாக வரும்வரை அவசரப்படக்கூடாது. துராயா, இன்மார்சாட் போன்கள் முதலில் ஜி.பி.எஸ். வழியாகத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டுதான் நெட்வொர்க்கில் சேரும். ஆகவே நெடுந்தூரம் பயணம் செய்து வந்து முதல் தடவை போடும்போது சில நிமிடம் எடுக்கலாம். தலையையும் தோளையும் கணக்கில் சேருங்கள்: நிலையான செயற்கைக்கோள் எந்தத் திசையில் இருக்கிறதோ, அந்தப் பக்கத்துக்கும் போனுக்கும் நடுவில் உங்கள் தலை இருக்கக்கூடாது. காது மாற்றிப் பேசினாலே சில சமயம் சிக்னல் கூடும்.

மேகம், மழை?

கையடக்கப் போன்கள் பயன்படுத்தும் எல் பேண்ட் அலைவரிசையை மழையும் மேகமும் பெரிதாகத் தொடாது. டிஷ் டிவி மழையில் நின்றுபோவதைப் பார்த்துவிட்டு இதையும் அப்படியே நினைக்கிறார்கள். அது வேறு அலைவரிசை. அடர்ந்த இலைக்கூரைதான் நிஜமான எதிரி, அதுவும் மழையில் நனைந்த இலை. காட்டில் ஆற்றங்கரை, பாறைத் திட்டு, மரம் விழுந்த வெளி என்று எங்கே வானம் தெரிகிறதோ அங்கேதான் போன். முகாம் போடும் இடத்தைத் தேர்வு செய்யும்போதே இதையும் பார்ப்பவர்களுக்கு இரவில் விளக்கோடு அலையும் வேலை மிச்சம்.

குரல் எப்படிக் கேட்கும்?

புரியும், இனிக்காது. இரிடியம் பேச்சை நொடிக்கு 2,400 பிட் அளவுக்குச் சுருக்கி அனுப்புகிறது. யார் பேசுகிறார் என்பது குரலில் தெரியும், ஆனால் தகரக் குழாய்க்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கும்.

தாமதம் அதைவிட முக்கியம். 35,786 கி.மீ. ஏறி இறங்க ஒளி வேகத்திலேயே கால் நொடி ஆகிறது. உங்கள் கேள்வி போய் அவர் பதில் வருவதற்குள் அரை நொடிக்கு மேல் போய்விடும். பதில் வரவில்லையே என்று மறுபடி "ஹலோ" சொல்வீர்கள், அவர் பதில் அதன்மேல் ஏறும், இரண்டும் கெடும். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து, நிறுத்தி, காத்திருங்கள். வாக்கி டாக்கி பழகியவர்கள் இதில் கில்லாடிகள். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்களில் தாமதம் குறைவு.

அழைக்கும் முன் சொல்லப்போவதைத் தாளில் எழுதிக்கொள்வது நல்லது: யார், எங்கே, என்ன நடந்தது, என்ன வேண்டும், அடுத்து எப்போது அழைப்பீர்கள். அழைப்பு எப்போது அறும் என்று சொல்ல முடியாது, எனவே இடத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நலம் விசாரிப்பு அப்புறம்.

இடத்தைச் சொல்லும்போது ஒரு பொறி இருக்கிறது. சில கருவிகள் பாகையைத் தசமத்தில் காட்டும், சில பாகை, கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்று பிரித்துக் காட்டும். திரையில் 9 பாகை 50 கலை என்று இருப்பதை "ஒன்பது புள்ளி ஐம்பது" என்று படித்தால், தேடி வருபவர் சுமார் 37 கி.மீ. தள்ளி இறங்குவார். எந்த முறையில் சொல்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எண்ணை எப்படி டயல் செய்வது? வீட்டிலிருந்து என்னை அழைக்க முடியுமா?

நீங்கள் எந்த நாட்டில் நின்றாலும் சாட்டிலைட் போனுக்கு எல்லாமே வெளிநாட்டு அழைப்புதான். கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, அப்புறம் எண். செல்போனில் இருந்து எண்களை மாற்றிக்கொள்பவர்கள் நாட்டுக் குறியீடு இல்லாத எண்களை அப்படியே ஏற்றிவிட்டு, மலையில் நின்று முழிப்பார்கள்.

சாட்டிலைட் போன்களுக்கே சில தனிக் குறியீடுகள் உண்டு. இரிடியத்துக்கு 8816, 8817, இன்மார்சாட்டுக்கு 870, துராயாவுக்கு 88216. வீட்டிலிருந்து அந்த எண்ணுக்கு அழைத்தால் கட்டணம் தீட்டிவிடும், பல நெட்வொர்க்குகளில் அந்த எண்களைத் தடுத்தும் வைத்திருப்பார்கள். ஆகவே, நீங்கள் அழைப்பது என்றே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தினமும் குறித்த நேரத்தில் போனைப் போட்டு, கால் மணி நேரம் வெட்டவெளியில் வைத்திருந்துவிட்டு அணைத்துவிடுவது பழைய பழக்கம், இன்றும் அதுவே நல்ல பழக்கம். பேட்டரி நாட்கணக்கில் வரும். அந்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுப்பது, அதற்குப் பிறகு யாரிடம் சொல்வது என்பதையும் கிளம்பும் முன் வீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி தீர்ந்த ஒரே காரணத்துக்காகத் தேடுதல் குழு கிளம்பிவிடும். நிஜமாகவே சிக்கியிருக்கும்போது ஒருவரும் கிளம்ப மாட்டார்கள்.

இன்டர்நெட், வாட்ஸ்அப்?

கையடக்கப் போனில் மறந்துவிடுங்கள். அந்த வேகத்தில் ஒரு சாதாரணப் புகைப்படம் போய்ச் சேர மணிக்கணக்கில் ஆகும். எழுத்து மட்டும் உள்ள மின்னஞ்சல், வானிலைக் குறிப்பு இவற்றைச் சுருக்கி அனுப்பும் மென்பொருட்கள் உண்டு, மாலுமிகள் பயன்படுத்துகிறார்கள். புதிய இரிடியம் செயற்கைக்கோள்கள் தரும் செர்ட்டஸ் சேவை நொடிக்கு 704 கிலோபிட் வரை போகும், ஆனால் அதற்குத் தனி ஆன்டெனா வேண்டும். ஓரிடத்தில் முகாம் போட்டு வேலை செய்பவர்களுக்கு ஸ்டார்லிங்க் போன்ற தட்டு ஆன்டெனா இணைப்பே மேல். மின்சாரம் மட்டும் கூடுதலாக வேண்டும். அதோடு ஒரு கையடக்கப் போனையும் வைத்திருப்பதே நடைமுறையில் நான் சிபாரிசு செய்வது.

பேச வேண்டாம், நலமாக இருக்கிறேன் என்று சொன்னால் போதும். அதற்கும் இவ்வளவு பெரிய போனா?

வேண்டியதில்லை. தனியாக மலையேறுபவர்களில் பெரும்பாலானோருக்கு நான் சொல்வதும் இதைத்தான்: கையளவு மெசேஜ் கருவி போதும். கார்மின் இன்ரீச் இரிடியம் வழியாக இருபுறமும் செய்தி அனுப்பும், இருக்கும் இடத்தையும் குறித்துக்கொண்டே போகும். ஸ்பாட் கருவிகள் குளோபல்ஸ்டார் வழியாகப் போகின்றன. சிக்னல் ஒரு நிமிடம் கிடைத்தாலும் செய்தி போய்விடும். போகாவிட்டால் கருவியே மறுபடி மறுபடி முயலும். குரல் அழைப்பு அப்படி அல்ல, பேசி முடிக்கும்வரை வானம் ஒத்துழைக்க வேண்டும். சாட்டிலைட் போனிலும் எஸ்.எம்.எஸ். உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குரல் தேவைப்படும் இடம் எது? மறுமுனையில் இருப்பவரிடம் உடனுக்குடன் கேள்வி கேட்டு முடிவெடுக்க வேண்டிய வேலை. காயம்பட்டவர் பக்கத்தில் நின்று மருத்துவரிடம் யோசனை கேட்பது, ஹெலிகாப்டர் எங்கே இறங்கலாம் என்று பேசி முடிவு செய்வது போன்றவை. பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போகும் குழுத் தலைவர் குரல் வசதி இல்லாமல் போகக்கூடாது.

ஆபத்து என்றால் 112 போட்டால் போதுமா?

சில சேவைகளில், சில பகுதிகளில் இணையும். ஆனால் அது உங்கள் உயிரை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம் இல்லை. செல்போனில் அந்த எண்ணைப் போட்டால் அருகில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. சாட்டிலைட் போனில் அழைப்பு எந்த நாட்டில் தரையிறங்குகிறதோ அதைப் பொறுத்து யாரிடமோ போய் நிற்கலாம். போகும் பகுதியின் மீட்பு மையம், வனத்துறை, கடலோரக் காவல் இவற்றின் முழு எண்ணையும் நாட்டுக் குறியீட்டோடு போனில் ஏற்றி, போனின் பின்புறம் ஒட்டியும் வையுங்கள். நீங்கள் மயங்கிக் கிடந்தால் உங்களுடன் வந்தவர் அதைப் பார்த்துத்தான் போடுவார்.

எஸ்.ஓ.எஸ். பொத்தான் உள்ள மாடல்களில் அந்தப் பொத்தான் எங்கே போகிறது என்று முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். சில கருவிகளில் கண்காணிப்பு மையத்துக்குத் தனிச் சந்தா உண்டு. சந்தா இல்லாமல் பொத்தானை அழுத்தினால் யாருக்கும் தெரியாது.

இதற்கெல்லாம் மேல், சந்தாவே இல்லாத ஒன்று இருக்கிறது: 406 மெகாஹெர்ட்ஸில் கூவும் பெர்சனல் லொகேட்டர் பீக்கன், அதாவது ஆபத்தில் நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சிறு கருவி. காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு ஏற்பாடு அதைக் கேட்டு, மீட்பு மையத்துக்குச் சொல்கிறது. அந்த ஏற்பாட்டின் முதல் மீட்பு 1982 செப்டம்பரில் கனடாவில் நடந்தது. பதிவு செய்துவிட்டால் மாதாமாதம் கட்ட வேண்டியது எதுவும் இல்லை, பேட்டரி பல ஆண்டு வரும். பேச முடியாது, செய்தி அனுப்ப முடியாது, உயிர் போகும் அவசரத்துக்கு மட்டும். பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் பீக்கன்களைச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள்.

படகில் சாட்டிலைட் போன் இருந்தால் வி.எச்.எஃப். ரேடியோ தேவையா?

கட்டாயம் தேவை. போன் ஒருவரிடம் மட்டும் பேசும். உங்களுக்கு மிக அருகில் வரும் கப்பலின் எண் உங்களிடம் இருக்காது; ரேடியோவில் அவசர அழைப்புக்கான பொதுச் சேனல் 16-இல் கூப்பிட்டால், அக்கம்பக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாக் கப்பலுக்கும் எட்டும்.

செல்போனிலேயே இப்போது சாட்டிலைட் வந்துவிட்டதே?

வந்திருக்கிறது, வேகமாக வளர்கிறது. 2022 நவம்பரில் ஐபோன் 14-இல் குளோபல்ஸ்டார் வழியாக அவசர எஸ்.ஓ.எஸ். செய்தி வந்தது, 2024-இல் சாதாரணச் செய்தியும் சேர்ந்தது. சாதாரண செல்போனின் சின்ன ஆன்டெனாவையே கேட்கும் அளவுக்குச் செயற்கைக்கோளில் பெரிய ஆன்டெனா வைக்கும் முயற்சியும் நடக்கிறது. ஏ.எஸ்.டி. ஸ்பேஸ்மொபைல் 2022-இல் ஏவிய புளூவாக்கர் 3 என்ற சோதனைச் செயற்கைக்கோள் சுமார் 64 சதுர மீட்டர் ஆன்டெனாவை விரித்தது. அதன் வழியாக 2023-இல் சாதாரண ஸ்மார்ட்போனில் பேசிக் காட்டினார்கள். ஸ்டார்லிங்க் இதற்கான முதல் செயற்கைக்கோள்களை 2024 ஜனவரியில் ஏவியது.

இதைப் பார்த்துவிட்டு இருக்கும் சாட்டிலைட் போனை விற்றுவிட வேண்டாம். இந்த வசதிகள் எல்லா நாட்டிலும் கிடையாது. அந்தந்த நாட்டு அனுமதியும் உள்ளூர் செல்போன் நிறுவனத்தின் ஒப்பந்தமும் வேண்டும். பெரும்பாலும் செய்தி மட்டுமே, அதுவும் போனை வானத்தில் காட்டிக்கொண்டு, திரை சொல்லும் திசைக்குத் திருப்பிக்கொண்டு. கண்ணாடித் திரை உடைந்த, பேட்டரி 10 சதவீதத்தில் இருக்கும் போன் ஆபத்தில் உதவாது. வார இறுதி மலையேற்றத்துக்கு, உங்கள் பகுதியில் வசதி இருந்தால், தாராளமாகப் போதும். மாதக்கணக்கான வேலைக்கு இப்போதைக்குப் போதாது.

கட்டணத்தில் எங்கே ஏமாறுவோம்?

ப்ரீபெய்டு வவுச்சரின் காலாவதியில். நிமிடங்கள் மிச்சம் இருந்தும் தேதி தாண்டியதால் போன் செத்துக் கிடப்பது சகஜம். சில திட்டங்களில் நீண்ட நாள் ரீசார்ஜ் செய்யாவிட்டால் எண்ணே பறிபோகும். ஆண்டுக்கு ஒருமுறை பயணம் போகிறவருக்கு வாடகைக்கு எடுப்பதே லாபம். வாடகைப் போன் கைக்கு வந்ததும் பெட்டியில் சார்ஜர், கூடுதல் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். கிளம்பும் நாளில் திறந்து பார்த்துப் பயனில்லை. செகண்ட் ஹேண்ட் வாங்கினால், அந்த மாடலுக்கு இன்னும் சேவை உண்டா, பழைய உரிமையாளர் பெயரில் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று நிறுவனத்திடம் வரிசை எண்ணைச் சொல்லிக் கேட்ட பிறகே பணம்.

எந்த நாட்டுக்கும் எடுத்துப் போகலாமா?

கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்காமலே கிளம்பிச் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். பல நாடுகளில் முன் அனுமதி வேண்டும், சிலவற்றில் கையில் வைத்திருப்பதே குற்றம். உதாரணமாக, இந்தியாவில் அனுமதியில்லாமல் துராயா, இரிடியம் போன்களைக் கொண்டுவருவது சட்டவிரோதம். விமான நிலையப் பரிசோதனையில் வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டு வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். மெசேஜ் கருவிகளும் இதில் அடங்கும், "போன் இல்லையே, ஜி.பி.எஸ். கருவிதானே" என்ற வாதம் எடுபடாது. போகும் நாட்டின் தூதரகத்திடம் எழுத்தில் கேளுங்கள். நடுவில் விமானம் மாறும் நாட்டுக்கும் சேர்த்து.

பேசுவதை ஒட்டுக்கேட்க முடியுமா?

முடியும் என்று நினைத்தே பேசுங்கள். 2012-இல் ஜெர்மனியின் போஹும் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஜி.எம்.ஆர்.-1, ஜி.எம்.ஆர்.-2 என்ற இரண்டு சாட்டிலைட் போன் குறியாக்கங்களில் ஓட்டை இருப்பதைக் காட்டிவிட்டார்கள். போன் இருக்கும் இடமும் மறைவில்லை. செச்சென் தலைவர் ஜோகர் துதாயெவ் 1996 ஏப்ரலில் சாட்டிலைட் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தச் சிக்னலைப் பின்தொடர்ந்து வந்த ஏவுகணையில்தான் கொல்லப்பட்டார். போர்ப் பகுதியில் வேலை செய்யும் செய்தியாளர்கள் சுருக்கமாகப் பேசி, உடனே அணைத்து, தங்கும் இடத்திலிருந்து தள்ளிப் போய்ப் பேசுவது இதனால்தான். மலையேறுபவருக்கு இந்தக் கவலை வேண்டாம்.

கிளம்பும் முன் என்ன சோதிக்க வேண்டும்?

வீட்டு மொட்டை மாடியில் நின்று ஓர் அழைப்பு, ஓர் எஸ்.எம்.எஸ்., இரண்டும் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். மறுமுனையில் இருப்பவருக்கு எந்த எண் தெரிகிறது என்று கேளுங்கள். பல சமயம் தெரியாத வெளிநாட்டு எண்ணாகவோ எண்ணே இல்லாமலோ வரும், அவர் மோசடி அழைப்பு என்று எடுக்காமல் விட்டுவிடுவார். சிம்முக்கு ரகசிய எண் (PIN) போட்டிருந்தால் அது உங்களோடு வரும் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குளிர்ப் பிரதேசம் என்றால் பேட்டரியைக் கழற்றி உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். கடைசியாக, பயணத்தில் வரும் இன்னொருவர் கையில் போனைக் கொடுத்து, நீங்கள் வாயே திறக்காமல், அவரை ஓர் அழைப்பு போடச் சொல்லுங்கள். அவர் ஆன்டெனாவை இழுக்க மறந்தால் அன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிடலாம்.